கடல் இல்லாத மாவட்டத்திலிருந்து அலையாத்திக் காட்டுக்கு நிலம் கொடுப்பது

2025 ஜனவரி 11 (ஊத்தங்கரை வாசகர் கேட்டது)

முத்துப்பேட்டைப் பக்கம் இருக்கிற உங்க அம்மாவோட நிலத்தை அலையாத்திக் காட்டுக்கு (மாங்குரோவ்) எழுதிக் கொடுக்கப் போறதா சொன்னீங்க. நேராவே கேட்கிறேன். போன மாதம் ஃபெஞ்சல் புயல் மழையில் எங்க ஊரில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டுச்சு. ஏரி உடைஞ்சு, ரோட்டோரம் நின்ற வேன்களை எல்லாம் தண்ணி உருட்டிக்கிட்டுப் போச்சு. நம்ம ரெண்டு மாவட்டத்துக்கும் கடற்கரையே கிடையாது. அந்த நிலத்தை வித்து, வர்ற காசில் இங்கே ஒரு ஏரிக்கரையைப் பலப்படுத்தினா என்ன? தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரங்களுக்கு அலையாத்தி எதுக்கு?

ஜனவரி 11, இரவு

வித்துடலாம்னு சொல்றீங்களே அண்ணா, யார் வாங்குவாங்க? வாங்க வர்ற ஒரே ஆள் இறால் பண்ணைக்காரர்தான். அவர் வந்தும் பார்த்துட்டார்.

நிலத்தைப் பத்திச் சொல்லிடறேன். ஜாம்புவானோடைக்கு அப்பால், காயலுக்குப் போற ஓடையை ஒட்டி ஆறு மா. நம்ம ஊர்க் கணக்கில் ரெண்டு ஏக்கர். பாதி அம்மாவுக்கு, பாதி மாமாவுக்கு. தாத்தா காலத்தில் ஒரு போகம் நெல் விளைஞ்சதாம். அப்புறம் உப்பேறிப் போச்சு. தொண்ணூறுகளில் இறால் வளர்க்கக் குத்தகைக்கு விட்டாங்க. குத்தகைக்காரர் நாலு பக்கமும் கரை போட்டு ஓடையை அடைச்சார். நோய் வந்து இறால் செத்ததும் கரையை அப்படியே விட்டுட்டுப் போயிட்டார். அந்தக் கரை இன்னமும் நிக்குது. உள்ளே தரை வெடிச்சு, வெள்ளையா உப்புப் பூத்துக் கிடக்கு. கரைக்கு வெளியே, அதே ஓடையோரத்தில், வெண்கண்டல்ங்கிற அலையாத்தி மரம் ஆள் உயரத்துக்கு மேலே தானா வளர்ந்து நிக்குது. யாரும் நட்டதில்லை.

ரெண்டுக்கும் நடுவில் இருக்கிறது ஒரு மண் கரைதான். இதைப் பார்த்த பிறகுதான் கொடுக்கணும்னு எனக்குத் தோணுச்சு. விலை போகாத நிலம்ங்கிறது அதுக்கு அப்புறம்தான்.

ஜனவரி 12

ஓசூர் தம்பி, “அக்கா, மத்திய அரசே மிஷ்டின்னு திட்டம் போட்டு அலையாத்தி நடுது, நீங்க ஏன் நிலம் கொடுக்கணும்”னு கேட்டிருக்கார். மிஷ்டி 2023 பட்ஜெட்டில் அறிவிச்சு, அதே வருஷம் ஜூன் 5ல தொடங்கின திட்டம். 9 மாநிலம், 4 யூனியன் பிரதேசத்தில் சுமார் 540 சதுர கிலோமீட்டர் இலக்கு. நல்ல திட்டம்தான் தம்பி. ஆனா நடறதுக்கு இடம் வேணுமே! அதுவும் அலை ஏறி இறங்குற இடமா இருக்கணும். அப்படிப்பட்ட இடத்தில் பாதி உப்பளம், பாதி பழைய இறால் குட்டை. பட்டா நிலமும் கலந்து கிடக்கு. அரசாங்கத்துக்கிட்ட இருக்கிற நிலத்தில் மட்டும் நட்டா, அலை போய்ச் சேராத மேட்டில் கன்னை நட்டுட்டு வர்றதும் நடக்கும். நான் பார்த்திருக்கேன். நட்டு வேலி போட்டிருந்தாங்க, அடுத்த வெயிலுக்கு ஒண்ணுகூட இல்லை.

ஜனவரி 14

பொங்கல் வேலைக்கு நடுவில் எழுதறேன். முந்தாநேத்து சொன்னதைக் கொஞ்சம் விரிச்சுச் சொல்லாட்டி பொருள் விளங்காது.

பிச்சாவரத்தில் பெரிய பரப்பு மொட்டையானதுக்கு என்ன காரணம்னு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க தொண்ணூறுகளில் ஆராய்ஞ்சாங்க. மாடு மேயுது, ஜனங்க விறகு வெட்டறாங்கன்னு அதுவரை சொல்லிக்கிட்டு இருந்தது முழு உண்மையில்லைன்னு தெரிஞ்சது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து காட்டைப் பகுதி பகுதியாப் பிரிச்சு, முறை வெச்சு அடியோட வெட்டினாங்க. எழுபதுகள் வரைக்கும் அது நடந்தது. மரம் போனதும் சேத்து மண் வெயிலில் காஞ்சு அமுங்கிடுச்சு, நடுவில் பள்ளம் விழுந்துச்சு. அலையில் உள்ளே வந்த தண்ணி வெளியே போக வழியில்லாம தேங்கி ஆவியாச்சு, உப்பு மட்டும் தங்கிடுச்சு. அந்த உப்பில் அலையாத்தி விதைகூட முளைக்காது.

அவங்க செஞ்ச வைத்தியம் வாய்க்கால். ஓடையிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து ரெண்டு பக்கமும் சாய்வா சின்ன வாய்க்கால்கள். மேலேருந்து பார்த்தா மீன் முள்ளு மாதிரி இருக்கும். அலை ஏறும்போது தண்ணி உள்ளே போகும், இறங்கும்போது வெளியே வரும், வரும்போது உப்பைக் கழுவிக்கிட்டு வரும். வாய்க்கால் ஓரத்தில் விதை ஊனினா புடிச்சுக்கும். வனத்துறையும் ஊர்க்காரங்களும் சேர்ந்து முத்துப்பேட்டையிலும் அதே முறையில் செஞ்சாங்க. வாய்க்கால் தூர்ந்துட்டா மறுபடி தூர் வாரணும், அவ்வளவுதான்.

அதனால நிலம் கொடுக்கறோம்னா மரத்துக்கு மட்டும் கொடுக்கலை, தண்ணி போய் வர்ற பாதைக்குக் கொடுக்கறோம். எங்க ஆறு மா காட்டின் மொத்தப் பரப்பில் ஒண்ணுமே இல்லை. ஆனா அது ஓடை வாயில் உட்கார்ந்திருக்கு. பின்னாடி இருக்கிற புறம்போக்குக்கு அலை போகணும்னா இதைத் தாண்டித்தான் போகணும்.

ஜனவரி 18

பென்னாகரம் ஐயா எழுதினது மனசில் தச்சுது. பூதானத்தில் (நிலமில்லாதவங்களுக்காக வினோபா நடந்தே போய் நிலம் கேட்ட இயக்கம்) நல்ல நிலத்தைக் கொடுத்தவன் கொஞ்சம், கல்லையும் கரட்டையும் கொடுத்துப் பேர் வாங்கினவன்தான் அதிகம், உங்க உப்பு நிலமும் அந்த ரகம்தானேன்னு கேட்டிருக்கார்.

ஐயா சொல்ற வரலாறு சரி. 1951 ஏப்ரல் 18ல போச்சம்பள்ளியில் தொடங்கினதிலிருந்து வினோபாவுக்கு வந்த நிலத்தில் உழவே முடியாத நிலம் நிறைய இருந்துச்சு. (இது தெலங்கானா போச்சம்பள்ளி, நம்ம போச்சம்பள்ளி இல்லை. இங்கே சின்னப் பிள்ளைங்க குழப்பிக்கறாங்க.) உழுது பிழைக்க நிலமில்லாத குடும்பத்துக்கு அந்த நிலம் உதவலை. தானம் தோத்தது அங்கேதான்.

அலையாத்திக்குக் கணக்கு வேற. நெல்லுக்கு ஆகாத, வீடு கட்டக் கூடாத, தினம் தண்ணி ஏறுற சேறுதான் அதுக்கு முதல் தரம். நான் நம்ம காவேரிப்பட்டணத்து மாந்தோப்பில் அஞ்சு ஏக்கர் கொடுத்தாலும் ஒரு கண்டல் முளைக்காது.

பூதானத்தைச் சொன்னதும் ஜெகந்நாதன் ஐயாவைச் சொல்லாம விட முடியாது. வினோபாவோட நடந்தவர். அவர் மனைவி கிருஷ்ணம்மாள் அம்மாவும் அவரும் 1981ல லாஃப்டின்னு ஒரு அமைப்பை ஆரம்பிச்சு, கீழத்தஞ்சையில் நிலமில்லாதவங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தாங்க. தொண்ணூறுகளில் இறால் பண்ணைக்காரங்க அதே கடலோரத்தில் வயலை வாங்கி உப்புத்தண்ணி விட்டப்போ, தள்ளாத வயசில் மறியல், உண்ணாவிரதம்னு நின்னு, உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். 1996 டிசம்பர் 11ல அவர் பேரிலேயே தீர்ப்பு வந்தது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் பழைய நாட்டு முறை தவிர மத்த இறால் பண்ணை கூடாது, பாதிக்கப்பட்டவங்களுக்கு இழப்பீடு கொடுக்கணும்னு சொன்னாங்க. 2005ல தனிச் சட்டம் வந்து பதிவு வாங்கின பண்ணைங்க தொடர வழி ஆச்சு. ஆனாலும் அலையாத்திக் காட்டையும் விளைநிலத்தையும் பண்ணையாக்கக் கூடாதுங்கிறது நிலைச்சிருக்கு. எங்க நிலத்தில் கரை போட்ட காலமும் அவர் மறியல் செஞ்ச காலமும் ஒண்ணுதான். அம்மா அவரைத் தூரத்திலிருந்து பார்த்திருக்காங்க.

நிலம் கொடுக்கறதையும் கடற்கரையைக் காக்கறதையும் ரெண்டாப் பார்க்காத மனுஷன் அவர். எனக்கு வழிகாட்டி அவர்தான்.

ஜனவரி 19

பத்திரம் பத்தி நிறையப் பேர் கேட்டதால சுருக்கமா.

தானப் பத்திரம் வாய்வார்த்தையா இருக்க முடியாது. எழுதி, ரெண்டு சாட்சி வெச்சு, பதிவு செய்யணும். எழுதறவங்க உயிரோட இருக்கும்போதே வாங்கறவங்க ஏத்துக்கணும். 1882 சொத்து மாற்றுச் சட்டம் 122, 123வது பிரிவைப் பாருங்க. அப்புறம் மனசு மாறித் திருப்பி வாங்க முடியாது. குடும்பத்துக்குள்ள செட்டில்மென்ட் எழுதினா முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், அதுக்கும் உச்சவரம்பு உண்டு. வெளியாளுக்கோ அறக்கட்டளைக்கோ எழுதினா வழிகாட்டி மதிப்பில் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் தனி. கொடுக்கறவனே கட்டணத்தையும் சுமக்கிற மாதிரிதான் ஆகுது. நன்கொடைக்கான வருமான வரிக் கழிவு பணமாக் கொடுத்தாத்தான், நிலமாக் கொடுத்தா கிடையாது.

அந்த “உயிரோட இருக்கும்போதே” என்பதுதான் எனக்குத் தூக்கம் கெடுக்குது. அம்மாவுக்கு எண்பதைத் தாண்டிடுச்சு. அங்கே ஒரு அலுவலகத்தில் மனு கொடுத்தோம். வேற அலுவலகத்துக்குப் போகச் சொன்னாங்க. அங்கேயும், இவ்வளவு சின்ன நிலத்தை எந்தத் தலைப்பில் வாங்கறதுன்னு தெரியலைன்னுட்டாங்க. கொடுக்கிற கை நீட்டிக்கிட்டு நிக்குது, வாங்குற கையைத் தேடி அலையறோம்.

ஜனவரி 27

அம்மாவைக் கூட்டிக்கிட்டு முத்துப்பேட்டை போயிட்டு வந்தேன். போகும்போது இருந்த முடிவு வரும்போது இல்லை.

நிலத்தை அரசுக்கே எழுதிக் கொடுத்து, காப்புக்காட்டோட சேர்த்துட்டா பாதுகாப்புன்னு நினைச்சிருந்தேன். தமிழ்நாடு வனச் சட்டத்தில் 4வது பிரிவில் அறிவிச்சு, உரிமை எல்லாம் விசாரிச்சு முடிச்சு, 16வது பிரிவில் காப்புக்காடுன்னு அறிவிப்பாங்க. அப்படி ஆயிட்டா எந்தப் பண்ணைக்காரனும் தொட முடியாது. ஆனா ஓடையோரத்தில் நண்டு பிடிக்கிற ரெண்டு அம்மாக்கள் என்னைக் கேட்டாங்க, “தாயி, நீங்க எழுதிக் கொடுத்துட்டா நாங்க இங்க கால் வைக்கலாமா?” என்னால் பதில் சொல்ல முடியலை.

பிச்சாவரத்தில் இருளர் குடும்பங்கள் சேத்துத்தண்ணியில் உட்கார்ந்து, பறிக்கூடையை வாயில் கவ்விக்கிட்டு, கையால இறால் தடவிப் பிடிக்கிறதைப் பார்த்திருக்கேன். நம்ம அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலையிலும் இருளர் இருக்காங்க. காட்டுக்குள்ள தேன், கிழங்கு எடுக்க அவங்க படற பாடு நமக்குப் புதுசு இல்லை. கோடு போட்டுக் காப்பாத்தற காட்டில், அந்தக் காட்டை நம்பி இருக்கிறவன் முதல்ல வெளியே போறான். என் தானம் இன்னொருத்தர் சோத்துல கை வைக்கக் கூடாது.

வேற வழி ஒண்ணு சட்டத்திலேயே இருக்கு. வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002 திருத்தத்தில் சேர்த்த 36சி பிரிவு. தனி ஆளோ ஊர்ச் சமூகமோ தானா முன்வந்து தன் நிலத்தைக் காக்கிறேன்னா, அதைச் சமூகக் காப்பகம்னு மாநில அரசு அறிவிக்கலாம். நிலம் சொந்தக்காரங்க பேரிலேயே இருக்கும். நிர்வாகக் குழு இருக்கும். அறிவிச்ச பிறகு அந்தக் குழுவின் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் இல்லாம நிலப் பயன்பாட்டை மாத்த முடியாது. நண்டு பிடிக்கிறவங்களைக் குழுவுக்குள்ளேயே கொண்டு வர முயற்சி செய்யலாம். பட்டா நம்மகிட்ட இருந்தா அடுத்த தலைமுறை என்ன செய்யுமோன்னு பயம் இருக்கு. அந்தத் தீர்மானம் பூட்டா இருக்கும்னு நம்பறேன்.

ஜனவரி 28

அரூர் டீச்சர் கேரளாவைக் கேட்டாங்க. ஆமாங்க, கண்ணூர்ப் பக்கம் கண்டல் காடு பெரும்பாலும் தனியார் நிலத்தில்தான். பழயங்காடியில் கல்லேன் பொக்குடன்னு ஒரு பெரியவர் ஆத்தோரம் கையாலேயே ஊனி ஊனி வளர்த்தார். 2015ல காலமானார். அங்கே இயற்கை ஆர்வலர்கள் கொஞ்சம் கொஞ்சமா நிலத்தை விலைக்கே வாங்கிக் காப்பாத்தறாங்க.

பிப்ரவரி 2

சுனாமி பத்தி. “அலையாத்தி இருந்தா சுனாமியே வராது”ன்னு ஒருத்தர் எழுதி, இன்னொருத்தர் “எல்லாம் கதை”ன்னு மறுத்து, இங்கே ரெண்டு நாளா சண்டை.

2004 டிசம்பர் 26ல பிச்சாவரத்துக் காட்டுக்குப் பின்னாடி இருந்த குடியிருப்புகளுக்குச் சேதம் குறைவு. கடலுக்கும் காட்டுக்கும் நடுவில், மணல் திட்டில் இருந்த எம்ஜிஆர் திட்டு மொத்தமா அழிஞ்சது. இது நடந்தது. அதுக்கு மரம் மட்டுமே காரணமா, தரை மேடும் கடலிலிருந்து இருந்த தூரமும் எவ்வளவு காரணம்னு ஆராய்ச்சிக்காரங்களுக்குள்ளேயே வாதம் உண்டு. நான் மரத்தின் பக்கம். ஆனா காட்டைச் சுவர்னு சொல்லி யாரையும் அதன் முன்னாடி குடிவைக்கக் கூடாது.

2018 நவம்பர் 16 கஜா புயலில் முத்துப்பேட்டைக் காடே அடி வாங்குச்சு. இலை ஒண்ணு இல்லாம, ஒடிஞ்சு, சாம்பல் நிறத்தில் நின்ன மரங்களைப் பார்த்து மாமா அழுதார். அதுக்கப்புறமும் ஓடைத் தண்ணி ஒழுங்காப் போய் வந்த இடத்தில் கன்னுங்க எழும்புச்சு. எங்க கரைக்குள்ள மாதிரி தண்ணி தேங்கின இடத்தில் எழும்பலை.

பிப்ரவரி 9

ஊத்தங்கரை அண்ணன் முதல்ல கேட்டதுக்கு நான் இன்னும் முழுசாப் பதில் சொல்லலை. கடல் இல்லாத நமக்கு எதுக்குன்னு கேட்டார்.

அலையாத்திக்குக் கடல் தண்ணி மட்டும் போதாது. மேலேருந்து நல்ல தண்ணியும் வண்டலும் வந்து கலக்கணும். பிச்சாவரத்துக்கு அது கொள்ளிடத்திலும் வெள்ளாத்திலும் வருது, முத்துப்பேட்டைக்குப் பாமணியாறு, கோரையாறு மாதிரி கடைமடை ஆறுகளில். கொள்ளிடமும் இந்தக் கடைமடை ஆறுகளும் காவிரி. அந்தக் காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையறது நம்ம மண்ணில். கர்நாடகம் விடுற தண்ணியை அளக்கிற பிலிகுண்டுலு நம்ம எல்லைக்குள்ளதான், ஒகேனக்கல்லுக்குக் கொஞ்சம் மேலே. இப்போ அந்தக் காடுகளுக்கு நல்ல தண்ணி பெருசா வர்றது ஐப்பசி, கார்த்திகை மழையில்தான். மத்த மாசமெல்லாம் உப்பு ஏறிக்கிட்டே போகுது. உப்பைத் தாங்குற வெண்கண்டல் நிக்குது, சுரபுன்னை மாதிரி மரங்கள் சுருங்குது. முத்துப்பேட்டையில் ஏறக்குறைய வெண்கண்டல் மட்டும்தான்.

ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போனா, வெள்ளத்தைப் பார்த்துட்டு எல்லாரும் ஒரே குரலில் சொல்றது: “இவ்வளவு தண்ணியும் வீணாக் கடலுக்குப் போகுதே.” இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கும். காவிரி நடுவர் மன்றம் 2007ல 740 டிஎம்சியைப் பங்கு பிரிச்சப்போ, சுற்றுச்சூழலுக்கு 10 டிஎம்சியும், தவிர்க்க முடியாம கடலுக்குப் போறதுக்கு 4 டிஎம்சியும் தனியா எடுத்து வெச்சாங்க. 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் பிலிகுண்டுலுவில் 177.25 டிஎம்சின்னு மாத்தினப்பவும் அந்த 14ல உச்ச நீதிமன்றம் கை வைக்கலை. கடல் சேர்ற தண்ணியும் ஒரு பங்குதாரருக்குப் போற தண்ணிதான்னு கணக்கிலேயே இருக்கு. 14 போதுமாங்கிறது வேற. என் மனசுக்குப் போதாது.

இன்னொரு பக்கமும் இருக்கு. ஃபெஞ்சல் மழையில் உங்க ஊர்த் தண்ணி பாம்பாறு வழியாத் தென்பெண்ணையில் விழுந்து, சாத்தனூர் அணையில் திறந்து விட்டு, விழுப்புரம், கடலூர் வரைக்கும் ஊருக்குள்ள புகுந்துச்சு. புயல் கடலில் உருவாகி நம்ம மேட்டு நிலத்தில் மழையாக் கொட்டி, திரும்பக் கடற்கரையையே அடிச்சது. அதே தென்பெண்ணைமேல இருக்கிற கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கறப்போ நாம மூக்கைப் பொத்திக்கிட்டுப் போறோம். அந்தத் தண்ணியும் அங்கேதான் போய்ச் சேருது.

அதனால உங்க ஏரி வேணாம்னு நான் சொல்லலை அண்ணா. ஏரியையும் காட்டையும் ஒண்ணுக்கொண்ணு எதிரா நிறுத்தறதைத்தான் மறுக்கிறேன். ஏரி உடைஞ்சதுக்கு வரவுக்கால் அடைஞ்சதும் போக்குக்கால் மறிச்சதும் எவ்வளவு காரணம்னு உங்க ஊர்ப் பெரியவங்களே சொல்வாங்க. எங்க ஓடையில் நடந்ததும் அதேதான்.

பிப்ரவரி 10

ஓசூர் தம்பி, தென்பெண்ணை பிச்சாவரத்துக்குப் போகாது, கடலூர்கிட்டே கடலில் சேருது. நேத்து எழுதினதில் அது கலங்கலாத் தெரியக் கூடாதுன்னு இந்த வரி.

பிப்ரவரி 23

குடும்பத்தில் பேசி முடிச்சாச்சு.

அம்மா தன் மூணு மாவை இப்போதைக்கு எனக்கும் தம்பிக்கும் செட்டில்மென்ட் எழுதறாங்க. யார் ஏத்துக்கறதுங்கிற சிக்கலில் அவங்க காலம் போயிடக் கூடாது. பத்திரத்திலேயே, இந்த நிலத்தைப் பண்ணைக்கோ மனைக்கோ விடாம அலையாத்திக்கே வைக்கணும்னு அவங்க விருப்பத்தை எழுதச் சொல்லியிருக்காங்க. அந்த வரி சட்டத்தில் எவ்வளவு தாங்கும்னு வக்கீல் யோசிக்கிறார். அம்மாவுக்கு அந்த வரி இருந்தே ஆகணும். அதுக்குப் பிறகு நாங்க ரெண்டு பேரும் 36சிக்கு மனு போடுவோம், நண்டு பிடிக்கிறவங்க பேரையும் குழுவுக்குச் சொல்லுவோம்.

மாமா பங்கைத் தர மாட்டேன்னு இருந்தார். அவருக்குக் கோபம் எங்க மேல இல்லை, விவசாயம் போன நிலத்தை இன்னும் நிலமாத்தான் பார்க்கிறார். மாமிதான் பேசினாங்க. நிலம் அவங்ககிட்டயே இருக்கட்டும், ஓடையிலிருந்து எங்க பங்குக்கும் பின்னாடி புறம்போக்குக்கும் தண்ணி போக அவங்க பங்கில் ஒரு வாய்க்கால் அகலம் விடறதுக்குச் சம்மதிச்சுட்டாங்க. எனக்கு இது மூணு மாவுக்கு மேல.

கரையை உடனே உடைச்சுடலாமான்னு தம்பி துடிக்கிறான். வேணாம்னு நிறுத்தியிருக்கேன். வனத்துறையில் வாய்க்கால் வெட்டிப் பழகினவங்க வந்து தரை மட்டம் பார்க்கணும். தப்பான இடத்தில் உடைச்சா மறுபடி பள்ளத்தில் தேங்கும்.

மார்ச் 2

உட்பிரிவுக்கு மனு கொடுத்தாச்சு. கூட்டுப் பட்டாவா இருந்தா முதல்ல அதைப் பிரிங்க, மத்ததெல்லாம் அப்புறம். கடலோரத்தில் தாய்வழி நிலம் இருக்கிறவங்க நம்ம பக்கத்தில் இவ்வளவு பேர் இருக்கீங்கன்னு இந்த இழை வந்த பிறகுதான் தெரியுது. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, புலப்படம் (நில அளவை வரைபடம்), இதெல்லாம் கையில் இருக்கட்டும். புலப்படத்தில் ஓடை எந்தப் பக்கம் போகுதுன்னு முதல்ல பாருங்க. நேர்ல போய், அலை ஏறுற நேரத்திலும் இறங்குற நேரத்திலும் நின்னு பாருங்க.

ஊத்தங்கரை அண்ணா, உங்க ஏரியின் வரவுக்கால் போற சர்வே எண்ணும் புலப்படமும் கிடைச்சா இங்கே போடுங்க. பாத்திரம் கழுவிட்டு உட்கார்ந்து நானும் பார்க்கிறேன். சர்வேயர் வர்ற தேதி தெரிஞ்சதும் அடுத்த குறிப்பு எழுதறேன்.